ருசி பார்த்த படையல்

மூன்று வருஷமாக ஒருத்தி உப்பைத் தொடவில்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? டாக்டரம்மாவும் நம்பவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு, எதிரே எலும்பும் தோலுமாய் உட்கார்ந்திருந்த வேலாயியை ஏற இறங்கப் பார்த்தார்.

“கஞ்சிக்குக் கூடப் போடுறதில்லையோ?”

“இல்லீங்க.”

“கருவாடு, ஊறுகாய்?”

“வாசம் பட்டாலே கொமட்டுதுங்க.”

“ஏன் எண்டு சொல்லுங்கோவன்.”

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் வேலாயி யாருக்கும் பதில் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், புருஷன் செத்ததற்கு ஏதோ வேண்டுதலாம் என்று தானே ஒரு காரணத்தைக் கட்டி லயன் வீடுகள் முழுக்கப் பரப்பிவிட்டாள். வேலாயிக்கு அதுவும் வசதியாகப் போயிற்று.

ஐம்பத்திரண்டாம் வருஷம் அவள் புருஷன் கருப்பையா, தோட்டத்து முள்கம்பி வேலிக்கு வெளியே பட்டாளத்தார் சுட்ட குண்டில் செத்தான். மலாயாவில் எமர்ஜென்சி காலம். காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுக்காரர்கள், காட்டைச் சுற்றிப் பட்டாளம், நடுவில் ஆடுமாடு மாதிரி வேலிக்குள் அடைபட்ட தேயிலைத் தோட்டத்துச் சனங்கள். அரிசியை அளந்துதான் கொடுப்பார்கள். ஒரு பிடி சோற்றை வேலிக்கு வெளியே கொண்டுபோனாலும் ஜெயில். அப்படிப்பட்ட நாளில், சாமிக்குத் தட்டு வைக்கப் போன மனிதனைத் தெரியாமல் சுட்டுவிட்டோம் என்று பெரிய ஆபீசர் ஒருவர் வந்து, வாசலில் நின்று தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார். தொப்பியைக் கழற்றினால் போன உயிர் வந்துவிடுமா?

அன்றோடு பழைய வேலாயியும் போனாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாராவது தகரத்தைக் கீழே போட்டால் போதும், முதுகுக் கூடையோடு செடிக்கடியில் போய்ச் சுருண்டுகொள்வாள். பித்தளைத் தட்டைக் கண்டால் கை உதறும். பகலெல்லாம் நன்றாக இருப்பவள், பொழுது மங்குகிற நேரத்தில் வேலிப் பக்கம் பார்த்தபடி வாயைப் பிளந்து நின்றுவிடுவாள். கூப்பிட்டால் காது கேட்காது. மகள் சரோஜா பாவம், உப்பில்லாத சோறு இறங்காமல், அம்மாக்கண்ணு வீட்டு உப்புச் சட்டியில் விரலைவிட்டு நக்கிக்கொண்டு வரும். அதைப் பார்த்து ஊரே ‘உச்’ கொட்டும். யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தோட்டத்தை நடத்துகிற துரை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துரைக்கு வேண்டியது கொழுந்து. செடிக்கடியில் சுருண்டு கிடப்பவளுக்கு எத்தனை நாளைக்குக் கூலிக்குப் பேர் போடுவது? மாதக் கடைசிக்குள் இவள் தேறாவிட்டால் மலைக்குக் கீழே இருக்கிற பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம், பிள்ளையை அநாதை விடுதியில் சேர்த்துவிடலாம் என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்து சொன்னார். சொன்னவர் குடையை விரித்துக்கொண்டு போயேவிட்டார். வேலாயி சரோஜாவைக் கட்டிப்பிடித்தவள், அன்றைக்குப் பூராவும் கையை எடுக்கவில்லை.

அந்தச் சேதியைக் கேட்டுத்தான் பழனியப்பன் ஓடினான். கருப்பையாவின் ஒரே தம்பி. ஜொகூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறான் என்றுதான் எல்லாருக்கும் தெரியும்; அண்ணன் செத்த சேதி கேட்டுக் கருமாதிக்கு வந்து நின்றவன் திரும்பிப் போகவில்லை. இங்கேயே மருந்தடிக்கிற வேலையில் சேர்ந்துகொண்டான். அண்ணிக்கு விறகு பிளந்து போடுவதும், பிள்ளைக்குச் சட்டை வாங்குவதும் அவன்தான். பேச்சுக் குறைவு. சிரிப்பு அதைவிடக் குறைவு.

தானா ராத்தா டவுனில் சேக் தாவூத் சாப்பாட்டுக் கடையில் அவனுக்கு ஒரு தகவல் கிடைத்தது. ஈப்போவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போய், உயிர் பிழைத்து வந்தும் தூக்கத்தில் அலறிக்கொண்டிருந்த ஆட்களைப் பேசவைத்தே குணமாக்கியவராம்.

“பேசுனாத் தீருமா?” என்று அம்மாக்கண்ணு வாயில் கையை வைத்துக்கொண்டாள். “அப்பிடின்னா எனக்கு ஒரு சீக்கும் வரக் கூடாதே லா!”

வேலாயியும் வர மாட்டேன் என்றுதான் சொன்னாள். பழனியப்பன் அவள் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, “வாங்க அண்ணி. எனக்காக வேணாம், புள்ளைக்காக வாங்க,” என்றான். அவன் குரல் நடுங்கியதை அவள் கவனித்தாள். அண்ணன் மேல் வைத்த பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

இதோ வந்து உட்கார்ந்திருக்கிறாள். பெயர் ரூபாவதி என்று வாசலில் பலகை. சேலை கட்டிய டாக்டரை வேலாயி அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வெளியே நடையில் எவனோ மருந்துத் தட்டைக் கைநழுவ விட்டான். டமார் என்ற சத்தம்தான் வேலாயிக்குத் தெரியும். அடுத்து கண்ணைத் திறந்தபோது மேஜைக்கு அடியில் கிடந்தாள். ஐயோ, போச்சு, இன்றைக்கே வண்டியில் ஏற்றிவிடுவார்கள், சரோஜா, என் தங்கமே என்று மனசு அரற்றியது.

யாரும் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. டாக்டரம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வேலாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிராணி வீட்டம்மாளே லயன்காரி பக்கத்தில் உட்கார மாட்டாளே!

“எழும்ப வேண்டாம். இங்கேயே இருப்பம்,” என்றார். “உங்கட மடியில என்ன முடிஞ்சு வைச்சிருக்கிறியள்?”

வேலாயி குனிந்து பார்த்தாள். காலையில் தேயிலை நிரையில் கிள்ளிய கொழுந்து கொஞ்சம் முந்தானை முடிச்சில் இருந்தது. கிள்ளுகிறவள் மடியில் கொழுந்து இல்லாமல் இருக்குமா?

“அதைக் கசக்கி மணந்து பாருங்கோ.”

கசக்கினாள். பச்சை வாசம் மூக்கில் ஏறியது.

“இப்ப நீங்க எங்க இருக்கிறியள்?”

“ஆசுபத்திரில.”

“அந்தச் சத்தம் என்ன?”

“தட்டு விழுந்துச்சுங்க.”

“அவ்வளவுதான். தட்டுத்தான்.” டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டார். “உங்களுக்குப் பைத்தியமில்லை, வேலாயி. நடந்தது முடிஞ்சு போச்சு எண்டு உங்கட உடம்புக்கு இன்னும் தெரியேல்லை. அதுக்கு ஆறுதலாச் சொல்லிக் குடுக்கவேணும். நீங்கதான் சொல்லிக் குடுக்கவேணும், நான் பக்கத்தில இருப்பன்.”

பைத்தியமில்லை என்று ஒரு படித்த மனுஷி சொல்லிக் கேட்டதில் வேலாயிக்கு அழுகை வரப் பார்த்தது. ஆனால் வரவில்லை. மூன்று வருஷமாக அதுவும் வற்றிப்போயிருந்தது. டாக்டரம்மா துரைக்கு ஒரு கடுதாசி எழுதி, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார். துரை முணுமுணுத்துக்கொண்டே பொறுத்தார்.

அடுத்தடுத்துப் போனாள். ஒவ்வொரு தடவையும் பழனியப்பன் பஸ்ஸில் கூட்டிப்போவான்; ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு, சேக் தாவூத் கடையில் போய் உட்கார்ந்துகொள்வான். ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிற அண்ணியின் முகத்தை ஒரு மாதிரிப் பார்ப்பான்.

ஒரு நாள் மழை. ஆஸ்பத்திரித் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் தன் பேச்சு வெளியே கேட்காது என்று தோன்றியதோ என்னவோ, வேலாயி கொழுந்தைக் கசக்கியபடி திடீரென்று சொன்னாள்:

“நாந்தாம்மா அவுகளக் கொன்னேன்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “சொல்லுங்கோ.”

லயனுக்குப் பின்னால், வேலிக்கு வெளியே, காடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு முனியாண்டி இருந்தார். ஒரு கல், ஒரு வேல், அவ்வளவுதான். தோட்டம் போட்ட நாளிலிருந்து அவர்தான் காவல். வெள்ளிக்கிழமை தவறாமல் படையல் போகும். எமர்ஜென்சி வந்து சோற்றுக்குக் கட்டுப்பாடு போட்டதும் எல்லாரும் விட்டுவிட்டார்கள். கருப்பையா மட்டும் விடவில்லை. கேட்டில் நின்ற காவல்காரன் மறித்தபோது, “முனி பட்டினி கெடந்து கோவிச்சுக்கிட்டா நீ ஏத்துக்கிறியா?” என்று கேட்டான். காவல்காரனுக்கு வேர்த்துவிட்டது. பட்டாளத்துக்குப் பயப்படுகிறவன் முனிக்குப் பயப்பட மாட்டானா? ஒரே ஒரு தட்டு என்று பேசிக்கொண்டு வழிவிட்டான்.

மறுநாள் காலையில் பார்த்தால் தட்டு கழுவி வைத்தது போலக் காலியாக இருக்கும். வேலாயிக்குப் புல்லரிக்கும். தன் கைச் சமையலை முனியே சாப்பிடுகிறார் என்றால் சும்மாவா? “நம்ம முனி நல்லாத் திங்கிறாரு புள்ள. சோத்த அமுக்கி வையி,” என்பான் கருப்பையா. தன் பங்கைக் குறைத்துக்கொண்டாவது அமுக்கி வைப்பாள்.

படையல் சமையலுக்கு ஒரு கட்டு உண்டு. ருசி பார்க்கக் கூடாது. உப்பு கைக்குத் தெரிய வேண்டும், நாக்குக்குத் தெரியக் கூடாது. நாக்கில் பட்டால் எச்சில்; எச்சிலை வைத்தால் முனி அடித்துவிடுவார். அந்த வெள்ளிக்கிழமை சரோஜாவுக்குக் காய்ச்சல். இடுப்பில் பிள்ளை அழுகிறது, அடுப்பில் கோழிக் குழம்பு கொதிக்கிறது. அன்றாடம் குழம்பு வைக்கிற கை, யோசிக்கவா செய்யும்? கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டாள். நக்கிய பிறகுதான் சுரீர் என்றது. கொட்டிவிட்டு மறுபடி வைக்க வேறு கோழி ஏது? ஒன்றும் சொல்லாமல் தட்டில் போட்டுக் கொடுத்தாள்.

“வேலியோரம் புள்ளையத் தூக்கிக்கிட்டு நின்னேன். அவுக தட்ட எடுத்துக்கிட்டுப் போனாக. அவ்ளோதான் தெரியும். அப்பறம் கீழ கெடந்தாக. என் நாக்குதாம்மா, இந்த நாக்குதான்…” வேலாயி தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கவில்லை, மூடநம்பிக்கை என்று திட்டவில்லை. மூன்று வருஷமாக இந்தப் பெண் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா உயிரோடிருந்தாள் என்று அவர் முகமே வெளுத்துப்போயிருந்தது.

“இண்டைக்கு இது போதும்,” என்றார். “அடுத்த முறை அந்த நேரத்தை மட்டும், மெல்ல மெல்ல, ஒவ்வொரு அடியா நடந்து பார்ப்பம். பயம் வந்தால் கொழுந்தை மணந்துபோட்டு இங்க திரும்பி வாங்கோ. நான் விடமாட்டன்.”

அன்றிரவு வேலாயி தூங்கினாள். வெகு காலத்துக்குப் பிறகு விடிகிற வரைக்கும் தூங்கினாள். ஆனாலும் காலையில் கஞ்சியில் உப்புப் போடக் கை வரவில்லை.

அடுத்த முறை போனபோது வானம் வெளுத்திருந்தது. டாக்டரம்மா ஜன்னலைத் திறந்துவைத்தார். வேலாயி இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினாள்.

“அவர் எங்க நிக்கிறார்?”

“கேட்டத் தாண்டிட்டாக. கல்லுக்கிட்ட போயிட்டாக.”

“கையில தட்டு இருக்கோ?”

“இருக்குங்க.” எப்போதும் இந்த இடத்தில் அவளுக்கு எல்லாம் கறுத்துப்போகும், அடுத்து கருப்பையா தரையில் கிடப்பான். இன்றைக்கும் கறுத்தது. கொழுந்தை முகர்ந்தாள். ஆஸ்பத்திரி, ஜன்னல், டாக்டரம்மா. மறுபடி கண்ணை மூடினாள்.

“கையைப் பாருங்கோ. தட்டு இருக்கோ?”

“இருக்… இல்லைங்க.” வேலாயிக்குக் குப்பென்று வியர்த்தது. “தட்டு கீழ இருக்கு. கல்லு முன்னால வச்சுட்டாக. சூடம் கொளுத்தி… கும்புட்டுட்டாக.”

“பிறகு?”

“திரும்பி வர்றாக. என்னப் பாத்துச் சிரிக்கிறாக. புள்ள முழிச்சிருக்கான்னு கையாலயே கேக்குறாக.” அவள் மூச்சு வாங்கினாள். “அம்மா, அவுக திரும்பி வந்துட்டாகம்மா! கேட்டுக்கு வந்துட்டாக!”

“தட்டு வைச்சு முடிஞ்சுது. முனி ஒண்டும் செய்யேல்லை. அவர் உயிரோட திரும்பி வாறார். அப்பிடித்தானே?”

வேலாயி தலையை ஆட்டினாள். ஆமாம். எச்சிலுக்காக அடிக்கிற சாமி, தட்டை வைத்த இடத்திலேயே அடித்திருக்க மாட்டாரா? சிரித்துக்கொண்டே வந்தவனை விட்டுப் பிடிப்பாரா? மூன்று வருஷம் இந்தச் சிரிப்பு எங்கே போயிருந்தது?

“அவசரமில்லை. பிறகு என்ன நடக்குது?”

“நிக்கிறாக. பொதரப் பாக்குறாக. பொதருக்குள்ள ஒரு பூட்ஸ் காலு தெரியுது. எனக்கும் தெரியுதும்மா. பட்டாளத்துக்காரன் படுத்திருக்கான். அவன் அவுகளப் பாக்கல, கல்லுப் பக்கந்தான் பாத்துக்கிட்டிருக்கான். யாரோ வரப் போறான்னு பாத்துக்கிட்டிருக்கான். அவுக அப்பிடியே திரும்பி… காட்டப் பாத்து… கத்திக்கிட்டு ஓடுறாக. ஐயோ, உள்ள வாங்களேன்! உள்ளதான வந்துட்டீக!”

“என்ன சொல்லிக் கத்துறார்?”

சத்தம் வந்தது. மூன்று வருஷமாகச் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள், கருப்பையாவின் குரல் பக்கத்தில் நின்று கூப்பிடுவது போலக் கேட்டது. வேலாயி நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள்.

“‘வராதே, ஓடு’ன்னு கத்துறாக! பேரச் சொல்லிக் கத்துறாக… அவன் பேரச் சொல்லி…”

“நில்லுங்கோ.” டாக்டரம்மா சட்டென்று கையைத் தூக்கினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு போலீஸ்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். “பேர் எனக்கு வேண்டாம். எனக்கெண்டில்லை, ஒருத்தருக்கும் வேண்டாம். அது உங்களோட இருக்கட்டும். உங்கட மனசு அந்தக் குரலை ஏன் பூட்டி வைச்சுது எண்டு இப்ப எனக்கு விளங்குது.”

அந்தப் பட்டாளத்தாருக்குத் தமிழ் தெரியாது. சனங்கள் எல்லாம் அடுப்படியில் இருந்தார்கள். கேட்டுக் காவல்காரன் முனிக்குப் பயந்து, தட்டு போகிற நேரம் எட்டப் போய் நின்றுகொள்வான். அந்த அந்தி நேரத்தில் அந்தப் பெயரைக் கேட்டவள், கேட்டுப் புரிந்தவள், உலகத்திலேயே ஒருத்திதான்.

‘பழனி! வராதேடா! ஓடு!’

ஜொகூரில் பால் வெட்டிக்கொண்டிருந்த பழனி. கருமாதிக்கு ஓடி வந்த பழனி. விறகு பிளக்கிற பழனி. இன்றைக்குக் காலையில் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்த பழனி.

வேலாயி ஆஸ்பத்திரியிலிருந்து கடைத்தெருவுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கால் தன்பாட்டில் நடந்தது. சயாம் ரயில் பாதைக்காரர்களைப் போல அலறவும் இல்லை, விழவும் இல்லை. உடம்பெல்லாம் ஜில்லிட்டுக் கிடந்தது, அவ்வளவுதான்.

சேக் தாவூத் கடையில் மத்தியானக் கூட்டம். மூலை மேஜையில் பழனியப்பன் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு தொடாமல் உட்கார்ந்திருந்தான். அடுத்த மேஜையில் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு மலாய்ப் போலீஸ்காரன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். வேலாயி நேரே போய்ப் பழனிக்கு எதிரே உட்கார்ந்தாள். கொழுந்தனுக்கு நேரெதிரே ஒரு மேஜையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தது அங்கே இருந்தது. அவன் முகம் வெளிறிப்போயிற்று.

“ஞாபகம் வந்துருச்சா அண்ணி?” என்றான், உதடு மட்டும் அசைய.

அடப் பாவி! அப்படியானால் இவனுக்கு எல்லாம் தெரியும். இது ஒருநாள் வரும் என்று தெரிந்தேதான் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். காட்டில் இருந்தவன் என்று அடுத்த மேஜைக்கு ஒரு வார்த்தை போனால் போதும், இவன் கழுத்துக்குக் கயிறு வந்துவிடும்.

“தெரிஞ்சேதான் கூட்டியாந்தியா?”

“ஆமா அண்ணி.”

“நான் சொல்லிட்டா உன் கதி என்னன்னு தெரியும்ல?”

“தெரியும். நீங்களும் போயிட்டா சரோசாவுக்கு யாரு இருக்கா? அதான்.” அவன் சோற்றைப் பார்த்தே பேசினான். “கூட்டாளி கூப்டான்னு வெவரமில்லாம உள்ள போனேன். மூட்ட சொமந்தேன், அதுதான் என் வேல. அண்ணன் செத்த ராத்திரிதான் தப்பிச்சு ஓடியாந்தேன், அதுக்கு முன்ன வெளிய வர வழி தெரியல. அண்ணனுக்குச் சொல்லியனுப்புனேன். அண்ணந்தான்… முனி பேரச் சொல்லி…”

“என் கையால சோறு போட்டாக உனக்கு.”

“ஆமா.”

வேலாயிக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பி வந்தது. இவன்மேலா, செத்தவன்மேலா, தெரியவில்லை. இரண்டு பேர்மேலும்தான். முனி, முனி என்று சொல்லி கண்ணைக் கட்டி வைத்திருந்தானே அந்த மனுஷன்! கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்?

“நான் ருசி பாத்துட்டேன்டா,” என்றாள். குரல் கீச்சென்று உயர்ந்துவிட்டது. “அன்னிக்குப் படையல்ல உப்புப் பாத்துட்டேன். அதுனாலதான் முனி அடிச்சாருன்னு மூணு வருசம், மூணு வருசம்டா, இந்த நாக்குல உப்பு வைக்காம செத்துக்கிட்டிருந்தேன். நீ வெறகு பொளந்து போட்டுக்கிட்டு இருந்திருக்க!”

இது பழனியப்பனுக்குத் தெரியாது. அவனும் அம்மாக்கண்ணு கட்டிய கதையைத்தான் நம்பிக்கொண்டிருந்தான். “ஐயோ அண்ணி,” என்றான். “வேண்டுதல்னுல்ல நெனச்சேன். சத்தியமா வேண்டுதல்னுதான் நெனச்சேன்.” இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

வேலாயிக்கு அழுகை வந்தது. வற்றிப்போனது என்று அவள் நினைத்த அழுகை, கேவிக் கேவி, கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி வந்தது. போலீஸ்காரன் ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தான். பழனியப்பனை மேலும் கீழும் பார்த்து, அடையாளக் கார்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினான். பிறகு வேலாயியிடம் மலாயில் கேட்டான், இவன் யார் என்று.

பழனியப்பன் தப்பிக்கப் பார்க்கவில்லை. மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு, அண்ணி என்ன சொன்னாலும் சரி என்பது போல உட்கார்ந்திருந்தான்.

கேட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பி ஓடின அந்த மனுஷன் வேலாயியின் கண்முன்னே வந்தான். எதற்காக ஓடினானோ அது இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தூக்கிக் கொடுத்துவிடவா?

கொழுந்தன் என்பதற்கு மலாயில் என்ன சொல்வார்களென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னாள்.

“அடேக் சாயா.” என் தம்பி.

மூக்கைச் சிந்திவிட்டு, செத்துப்போன புருஷனை நினைத்து அழுகிறேன் என்று கையாலும் பாதி மலாய்ப் பேச்சாலும் விளக்கினாள். அது பொய்யும் இல்லையே. போலீஸ்காரன் தலையை ஆட்டி, கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

சேக் தாவூத் வழக்கம் போல அவளுக்கென்று தனியே எடுத்துவைத்திருந்த உப்பில்லாத கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தார். “குடிங்கம்மா, ஆறிரும்,” என்றார். அவருக்கு வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை.

வேலாயி கஞ்சியைப் பார்த்தாள். பழனியைப் பார்த்தாள்.

“நல்லாத் தின்னியா?” என்றாள்.

“என்னது அண்ணி?”

“படையல.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “காட்டுக்குள்ள அதுக்குத்தான் வாரம் பூரா காத்துக் கெடப்பேன். உப்புதான் சில நாளு கூடக் கெடக்கும், சில நாளு சப்புனு இருக்கும்.” சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நாக்குல வைக்காம சமைச்சா அப்பிடித்தான் இருக்கும்.” வேலாயி மேஜையிலிருந்த உப்புக் கிண்ணத்தை இழுத்தாள். ஒரு சிட்டிகை எடுத்துக் கஞ்சியில் போட்டுக் கலக்கினாள். “அன்னிக்கு ஒரு நாளுதான்டா ருசி பாத்து வச்சேன். அன்னிக்குத்தான் உப்பு சரியா இருந்துச்சு. அதத்தான் நீ திங்கவே இல்ல.”

பழனியப்பன் தேம்பினான். அவள் கஞ்சியை வாயில் வைத்தாள். குமட்டவில்லை. நாக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, விழுங்கினாள்.

“வர்ற வெள்ளிக்கெழம கோழி அடிக்கிறேன்,” என்றாள். “நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் எறக்குவேன். மொதத் தட்டு உனக்குத்தான். வேலிக்கு உள்ள, என் வீட்டுக்குள்ள, சரோசா பக்கத்துல உக்காந்து தின்னணும். சோத்த மொதல்ல தின்னு, ஆறுது பாரு.”